விருந்தினராய்ச் சென்று தொண்டராய்த் திரும்பியோர்

திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னரே ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைத்தார். ஈகையில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர். ஒப்புரவிலோ இருவரும் ஓர் ஊரார். ஒருவர்க்கொருவர் உதவி வாழ்பவர். இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ஏழைக் குழந்தைகளுக்கென மேலை நாடுகளில் தோன்றிய கோடை விடுமுறைத் தொண்டின் வரலாற்றை நோக்கினால் இது நன்கு விளங்கும்.

தோற்றம்

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் வால்ட்டர் பியோன் என்னும் பாதிரியார் வாழ்ந்தார். முன்னர் அப்பென்செல் மலைநாட்டில் பணியாற்றியவர் அவர். நகரத்து ஏழைப் பிள்ளைகளின் மெலிந்த உடலைக் கண்டு மனம் வருந்தி, 1876-ஆம் ஆண்டில் 68 பிள்ளைகளை அம்மலைநாட்டுக்கு அனுப்பினார். ஆசிரியர்கள் உடன் சென்றனர். நல்ல காற்று, வயிறார உணவு, விளையாட்டு, உறக்கம் ஆகிய இவையே அங்கு அளிக்கப்பட்ட மருந்து. இம்முறை விரைவில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் பரவியது.

அடுத்த ஆண்டே, 1877-இல், அமெரிக்காவிலும் இத்தகைய பணி தொடங்கிற்று. அந்நாளில் நியூயார்க் மாநகரின் ஏழைகள் காற்றும் வெளிச்சமும் புகாத அடுக்குக் குடியிருப்புகளில் நெருங்கி வாழ்ந்தனர். கோடை வெப்பத்தில் கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிந்தன. பென்சில்வேனியா மாநிலத்துச் செர்மன் என்னும் சிற்றூரின் பாதிரியார் வில்லார்டு பார்சன்சு, தம் சபையாரை நோக்கி, அக்குடியிருப்புப் பிள்ளைகளைச் சில நாட்கள் தத்தம் இல்லங்களில் வைத்துப் பேணுமாறு வேண்டினார். அவர்களும் இசைந்தனர். 1881-இல் நியூயார்க் டிரிப்யூன் நாளிதழ் இப்பணிக்குப் பொருளுதவி செய்ய முன்வந்தது. 'பிரெஷ் ஏர் பண்டு' என்னும் பெயரால் இன்றும் அது நடைபெறுகிறது.

ஈகையின் எல்லை

இத்தொண்டால் நலம் பெற்ற பிள்ளைகள் பல இலட்சம். அதனை மறுப்பது நன்றியன்று. ஆயினும் வரலாறு படிப்போர் மறுபக்கத்தையும் காணவேண்டும். தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய வெள்ளை இனத்து ஏழைகளின் பிள்ளைகளே பெரும்பாலும் சென்றனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோப் பிள்ளைகள் பெருகினர். அவர்களை ஏற்ற இல்லங்களோ பெரும்பாலும் வெள்ளையருடையவை. சிறு குழந்தையை அன்புடன் அழைத்த குடும்பங்களுள் பல, அப்பிள்ளை வளர்ந்து இளைஞனாகும் பருவத்தில் அழைக்கத் தயங்கின. குழந்தையிடம் காட்டிய இரக்கம், தோளுக்கு மேல் வளர்ந்தவனிடம் அச்சமாக மாறிற்று. இவ்வுண்மையை வரலாற்றாசிரியர் டோபின் மில்லர் ஷியரர் 2017-இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்துள்ளார்.

இரண்டு வார விருந்து முடிந்ததும் பிள்ளை பழைய அறைக்கே திரும்பியது. அவ்வறையை அவ்வாறு வைத்திருந்த சமுதாய அமைப்பு அப்படியே இருந்தது. இரக்கத்தை மட்டும் அடித்தளமாகக் கொண்ட தொண்டு இவ்விடத்தில்தான் நின்றுவிடுகிறது.

திரும்பி வந்தோர்

இத்தடையைக் கடக்க இருவழிகள் தோன்றின. முதலாவது, தம் மக்களுக்குத் தாமே இடம் அமைத்தல். மாசசூசெட்சு மாநிலத்தில் கறுப்பினப் பாதிரியாரான வில்லியம் டிபெரி 1921-இல் ஒரு முகாமை நிறுவினார். அட்வாட்டர் முகாம் எனப் பெயர்பெற்ற அங்கே கறுப்பினச் சிறுவர் எவருடைய இரக்கத்தையும் எதிர்நோக்காமல் நீந்தினர், விளையாடினர், தலைமை தாங்கவும் பழகினர்.

இரண்டாவது, விருந்தினராய் வந்தவரே தொண்டராய்த் திரும்புதல். நியூயார்க் மாநிலத்துப் பிஷ்கில் என்னுமிடத்தில், 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டுநிலத்தில் பிரெஷ் ஏர் பண்டின் முகாம்கள் அமைந்துள்ளன. அங்கே சிறுவராய்த் தங்கியோர் சிலர், வளர்ந்தபின் பயிற்சி பெற்று, வழிகாட்டிகளாக வருகின்றனர். வைகறையில் பிள்ளைகளை எழுப்புவதும், உணவு பரிமாறுவதும், நீந்துவோரைக் கண்காணிப்பதும், முதல் இரவில் தாயை நினைத்து அழும் குழந்தையின் அருகில் அமர்ந்திருப்பதும் அவர்கள் பணி. அந்த அழுகையின் பொருளை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. குழந்தையும் தன் தெருவைச் சேர்ந்த ஒருவரை அப்பொறுப்பில் காண்கிறது. 'நாளை நானும் இவ்வாறு ஆவேன்' என்னும் எண்ணம் அதன் நெஞ்சில் வேரூன்றுகிறது. ஈகை ஒப்புரவாக மாறும் இடம் இதுவே.

அண்ணல் காட்டிய வழி

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை அந்த நியூயார்க் மாநகரில்தான், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த உதவித்தொகை அவருக்குத் துணைநின்றது. பெற்ற கல்வியைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். 1925-இல் அச்சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் தொடங்கியது. அதே அண்ணல் 1956 மார்ச்சுத் திங்களில் ஆக்ராவில் பேசியபோது, படித்து உயர்ந்தோர் தம் மக்களை மறந்தமை குறித்து மனம் நொந்தார். அவ்வருத்தம் நம்மை நோக்கியதன்றோ?

இளைஞர்களே! கோடை விடுமுறையில் நம் பிள்ளைகளுள் சிலர் பெற்றோருடன் செங்கற்சூளைக்கும் வயலுக்கும் செல்கின்றனர். பத்து நாள் ஓய்வும், வயிறார உணவும், கதையும் ஆட்டமும் அவர்களுக்கும் உரியவை. இச்சங்கத்தின் உதவியால் படித்து, இன்று அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பணிபுரிவோர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் தரும் நன்கொடையை நன்றியுடன் ஏற்போம். ஆனால் அதனினும் மேலானது அவர்களது வருகை. ஆண்டுக்குப் பத்து நாள் நம் கோடை முகாமுக்கு வாருங்கள். பிள்ளைகளோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணுங்கள். உங்கள் பெயரையும், எந்தத் தெருவிலிருந்து வந்தீர்கள் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நம் சங்கத்திற்கு வேண்டிய முதல் அதுவே.