ஆற்றங்கரை தப்பியது, கிளெய்போர்ன் தப்பவில்லை

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1960களில் இரண்டு விரைவுச்சாலைகள் திட்டத்தில் இருந்தன. ஒன்று, மிசிசிப்பி ஆற்றோரமாகப் பழம்பெரும் பிரெஞ்ச் குவார்ட்டரை உரசிக்கொண்டு போக வேண்டியது. 1946-லேயே நகரத் திட்டமிடுநர் ராபர்ட் மோசஸ் முன்வைத்த யோசனை. மற்றொன்று, அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், கறுப்பின மக்கள் வாழ்ந்த ட்ரெமே பகுதியின் கிளெய்போர்ன் அவென்யூ மேல் எழும்ப வேண்டியது. முதலாவது 1969-ல் ரத்தானது. இரண்டாவது இன்றும் நிற்கிறது. சாலை எங்கே போக வேண்டும் என்பதைப் பொறியாளரின் அளவுகோல் மட்டுமே முடிவு செய்திருந்தால் இப்படி நடந்திருக்காது.

கிளெய்போர்னின் அகன்ற நடுத்திடலில் ஓக் மரங்கள் வரிசை கட்டி நின்றன. இருபுறமும் கறுப்பினத்தவரின் கடைகள், மருந்தகங்கள், காப்பீட்டு அலுவலகங்கள். மார்டி கிரா திருநாளில் குடும்பம் குடும்பமாக அந்த நிழலில்தான் கூடுவார்கள். 1966-ல் அந்த மரங்கள் அகற்றப்பட்டன. கறுப்பினத்தவரின் வாக்குரிமையை உறுதி செய்த சட்டம் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. நகர மன்றத்தில் முதல் கறுப்பின உறுப்பினர் அமர்ந்ததோ 1975-ல். பிரெஞ்ச் குவார்ட்டருக்கு 1965-லேயே தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்துவிட்டது. அதற்காக வழக்குத் தொடுக்கவும் வாஷிங்டன் வரை போய் வாதாடவும் ஆட்கள் இருந்தார்கள். கடைசியில் போக்குவரத்துச் செயலர் ஜான் வோல்பியே ஆற்றங்கரைத் திட்டத்தை நிறுத்தினார்.

நடுத்திடல் ஏற்கெனவே பொது நிலம், செலவு குறைவு, அதனால்தான் கிளெய்போர்ன் தேர்வானது என்பார்கள். செலவு குறைந்தது உண்மை. ஆனால் ஆற்றங்கரையிலும் தண்டவாளங்களும் துறைமுகக் கிடங்குகளும்தான் இருந்தன. அதைக் காப்பாற்றியது நிலத்தின் விலையல்ல. மேலும், 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலங்களை இணைக்கும் சாலைகளுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு டாலரை மத்திய அரசே தந்தது. அப்படி வரும் பணத்தை எந்த நகரத் தலைவர் வேண்டாம் என்பார்? இழந்த நிழலும் வியாபாரமும் கணக்கில் ஏறவே இல்லை. பொறியாளர்கள் இனவெறியர்களா என்று கேட்பதிலும் பயனில்லை. வெறுப்பே இல்லாதவர்கூட, எதிர்ப்பு எழாத இடமாகப் பார்த்துக் கோடு போட்டால் அது ட்ரெமேயில்தான் போய் விழும்.

போக்குவரத்துக்குச் சாலை வேண்டாமா என்ற வாதம் பாக்கி. ஆற்றங்கரைச் சாலை வராவிட்டால் நகர மையம் நலிந்துவிடும் என்று வர்த்தகப் பிரமுகர்கள் அன்று அடித்துச் சொன்னார்கள். இன்று அந்தக் கரையில் இருப்பது பூங்காவும் நடைபாதையும். வெளியூர்ப் பயணிகள் நகருக்கு வருவதே பிரெஞ்ச் குவார்ட்டரைப் பார்க்கத்தான். கடைகள் ஒவ்வொன்றாக மூடி நலிந்துபோனது, சாலை வந்த கிளெய்போர்ன்.