முதல்ல வந்தது சர்க்கரை

சிங்கம்புணரியில எங்க பெரியப்பாவுக்கு 58 வயசுல சர்க்கரை வந்தது. உடம்பும் இளைச்சது. ‘சர்க்கரைன்னா இளைக்கத்தானே செய்யும்’னு விட்டுட்டோம். மஞ்சள் காமாலை வந்து ஸ்கேன் எடுத்தப்போ, கணையப் புற்றுநோய் முத்தியிருந்தது.

சர்க்கரைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைத் தேடிய வரலாற்றில் நம்ம சென்னைக்கும் பங்குண்டு. கணையத்தில் கல் சேர்கிற நோயாளிகளுக்குப் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு என்று, சுரேஷ் சாரி, வி. மோகன் உள்ளிட்ட மருத்துவர்கள் 1994-ல் எழுதினார்கள். அதே சாரியின் குழு, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து 2005-ல் சொன்னது: 50 வயசுக்கு மேல் புதுசாகச் சர்க்கரை வந்தவர்களில் சுமார் 100-க்கு ஒருவருக்கு, 3 வருஷத்துக்குள் கணையப் புற்றுநோய் தெரியவருகிறது. அவங்களுக்குச் சர்க்கரைதான் முதல் சேதி.

மீதி 99 பேர் பயப்பட வேண்டாம். ஆனா உங்க வீட்டுப் பெரியவங்களுக்குப் புதுசாச் சர்க்கரை வந்து, எடையும் குறைஞ்சா, ‘கணையத்தையும் பார்க்கணுமா டாக்டர்?’னு கேளுங்க. நாங்க கேட்கலை.