ஹஜர் மலையில் ஒரு குரல்

அறியாமைக் காலத்து அரபியரிடையே ஒரு நம்பிக்கை நிலவியது. கொலையுண்டவனுக்காகப் பழி வாங்கப்படாவிட்டால், அவன் தலையிலிருந்து 'ஹாமா' என்னும் ஆந்தை வெளிப்பட்டுக் கப்றின் மீது அமர்ந்து, தாகம் தீர்க்குமாறு அலறும் என்பார்கள். இரவில் கேட்ட குரல், பகலில் இரத்தம் சிந்தக் காரணமாயிற்று. ஹாமா என்பது இல்லை என்று அறிவித்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த மூடநம்பிக்கையை வேரறுத்தார்கள்.

அச்சம் அகன்ற இடத்தில்தான் ஆராய்ச்சி பிறக்கும். அதே அரபு மண்ணில் ஓர் ஆந்தையைத் தேடிய வரலாறு இதற்குச் சான்று.

1885-இல் காங்கிரஸ் மகாசபை தோன்ற முன்னின்ற ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம், சிறந்த பறவையியல் அறிஞருமாவார். இன்றைய பாகிஸ்தானின் மக்ரான் கரையிலுள்ள ஓர்மாராவில் கிடைத்ததாகக் கூறப்பட்ட ஓர் ஆந்தையை 1878-இல் அவர் புதிய இனமென அறிவித்து, பட்லர் என்னும் படை அதிகாரியின் பெயரைச் சூட்டினார். அவரிடம் இருந்தது பதப்படுத்திய ஒரே உடல்தான். பின்னர் சீனாய், பாலஸ்தீனம், அரேபியப் பாலைகளில் காணப்பட்ட ஆந்தைகளும் அதே இனமென்றே அறிஞர்கள் கொண்டனர். நூற்றாண்டுக்கும் மேலாக அக்கருத்தே நூல்களில் நிலைத்தது.

2013 மார்ச் மாதம், மேக்னஸ் ராப், அர்னூத் வான் டென் பெர்க் என்னும் இருவர் வட ஓமானின் ஹஜர் மலைக்குச் சென்றனர். பசுமை அரிதான, செங்குத்தான பாறைச் சுவர்கள் நிறைந்த பகுதி அது. வேறொரு சிற்றாந்தையின் குரலைப் பதிவு செய்யவே அவர்கள் போயிருந்தனர். நள்ளிருளில், அறிந்த எந்த ஆந்தைக்கும் பொருந்தாத ஒரு கூவல் அவர்கள் செவியில் விழுந்தது. மீண்டும் மீண்டும் சென்று, குரலைப் பதிவு செய்து, பறவையைப் படமும் பிடித்தனர். அவ்வாண்டே அதனை 'ஓமான் ஆந்தை' எனப் புதிய இனமாக அறிவித்தனர்.

ஆனால் 2015-இல் வேறு அறிஞர்கள் ஹ்யூமின் பழைய மாதிரியை நுணுகி ஆராய்ந்து, பாலைவன ஆந்தைகள் அதனின்றும் வேறானவை என்று கண்டு, அவற்றுக்குத் தனிப்பெயர் இட்டனர். அப்படியானால் ஹ்யூமின் பறவை எது? அவ்வாண்டில் ஈரானின் மஷ்ஹத் நகரில் உயிருடன் பிடிபட்ட ஓர் ஆந்தையும், ஓமானின் ஆந்தையும், 1878-ஆம் ஆண்டு மாதிரியும் மரபணு வழியே ஒப்பிடப்பட்டன. மூன்றும் ஒரே இனம் என்ற முடிவு 2016-இல் வெளிவந்தது. ஹ்யூம் இட்ட பெயரே நிலைத்தது; 'ஓமான் ஆந்தை'க்கு இட்ட புதிய அறிவியற்பெயர் வீழ்ந்தது.

அப்பெயரை வீழ்த்திய ஆய்வை முன்னின்று நடத்தியவர்கள் யார்? அதைச் சூட்டிய ராப் குழுவினரே! தாம் இட்ட பெயரைவிட உண்மையே அவர்களுக்குப் பெரிதாயிற்று.

ஒரு செய்தி வந்தால் அதை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று ஆராய்ந்த ஹதீஸ் கலை மேதைகளின் வழித்தோன்றல்கள் நாம். பழைய நூலில் இருப்பதாலேயே ஒரு கூற்று மெய்யாகிவிடாது. நாம் சொன்னதாலேயே நிலைத்துவிடவும் கூடாது. ஹஜர் மலையின் இருளில் ஒலித்த அக்குரல் நமக்கு நினைவூட்டுவது இதனையே.