கர்ப்பகால நீரிழிவும் தைராய்டும்: காரணமா, அடையாளமா?

கர்ப்பகாலத்தில் முதன்முறையாகக் கண்டறியப்படும் நீரிழிவுக்கும் தைராய்டு சுரப்பியின் செயல்பாட்டுக்கும் தொடர்பு உண்டெனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. தைராய்டுக் குறைபாடு நீரிழிவை உண்டாக்குகிறதா, அல்லது இரண்டும் வேறொன்றின் விளைவுகளா என்பதே கேள்வி. முன்னது மெய்யானால், தைராய்டு ஹார்மோனான தைராக்சின் மாத்திரை நீரிழிவைத் தடுக்கவேண்டும்.

கருவுற்ற தொடக்க வாரங்களில், நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து சுரக்கும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன், பிட்யூட்டரி சுரக்கும் டி.எஸ்.எச். என்ற தைராய்டு தூண்டியை அமைப்பில் ஒத்திருப்பதால், தாயின் தைராய்டைத் தானே தூண்டுகிறது; அதனால் அக்காலத்தில் டி.எஸ்.எச். அளவு தாழ்கிறது. நடுக்காலத்துக்குப் பின் நஞ்சுக்கொடியின் வேறு ஹார்மோன்கள் இன்சுலினுக்குத் திசுக்கள் இணங்காத நிலையை வளர்க்கின்றன. கணையம் அதற்கு ஈடுகொடுக்க இயலாதபோது இரத்தச் சர்க்கரை உயர்கிறது.

புரதத்தோடு பிணையாமல் இரத்தத்தில் உலவும் தைராக்சின் (டி4) குறைந்திருக்கும் கர்ப்பிணிகளிடம் நீரிழிவு கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால், உடலில் வினைபுரியும் வடிவமான டி3 அவர்களிடம் பெரும்பாலும் குறைவதில்லை. டி4-உடன் ஒப்பிடுகையில் உயர்ந்தே நிற்கிறது. சுரப்பி தளர்ந்ததற்கான சித்திரம் இதுவன்று. டி4-ஐ டி3-ஆக மாற்றும் நொதிகளின் வேகம் கூடியதையே இது சுட்டுகிறது. அத்தகைய மாற்றம் உடற்பருமனிலும் காணப்படுவதே. உடல் எடையைக் கணக்கில் கொள்ளாத ஆய்வு, எடையின் பழியைத் தைராய்டின்மேல் சுமத்திவிடும். போதாக்குறைக்கு, கர்ப்பத்தில் பிணைப்புப் புரதங்கள் மாறுவதால், வழக்கமான டி4 பரிசோதனை முறைகளே தடுமாறுகின்றன.

சிகிச்சைச் சோதனைகளும் காரண வாதத்துக்குத் துணைநிற்கவில்லை. அறிகுறியற்ற தைராய்டுக் குறைபாடோ டி4 குறைவு மட்டுமோ உள்ள கர்ப்பிணிகளுக்கு லீவோதைராக்சின் (செயற்கைத் தைராக்சின்) அளித்து அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2017-இல் வெளியான பெரிய ஆய்வில், கர்ப்பகால விளைவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மருந்து சராசரியாகப் பதினேழாம் வாரத்தை ஒட்டியே தொடங்கப்பெற்றதால் காலம் கடந்துவிட்டதென வாதிடலாம்; அவ்வாதம் வலுவானதே, ஆயினும் அது சான்றாகிவிடாது. டி.எஸ்.எச். மிக உயர்ந்து டி4-உம் தாழ்ந்த வெளிப்படையான குறைபாட்டுக்கோ சிகிச்சை கட்டாயம். ஏனெனில், கருவின் தைராய்டு செயல்படத் தொடங்கும் பன்னிரண்டாம் வாரம்வரை சிசு தாயின் தைராக்சினையே நம்பியுள்ளது.

தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை அரசாணைவழி நடைமுறையில் உள்ளது. சென்னை மருத்துவர் வீ. சேஷையா முன்னெடுத்த முறைப்படி, உணவு உண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து அளவு 140 மி.கி. அல்லது அதற்குமேல் இருப்பின் நீரிழிவெனக் கொள்வர். முதற்பரிசோதனை இயல்பாக வந்தவர்களுக்கு 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுபரிசோதனை உண்டு. டி4 மட்டும் சற்றே குறைந்த கர்ப்பிணிக்கு, நீரிழிவைத் தடுக்கும் நோக்கில் தைராக்சின் மாத்திரை எழுதுவதற்கு இன்றைய சான்று இடந்தரவில்லை. அவர் அந்த மறுபரிசோதனையைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்வதே டி4 பரிசோதனை முடிவின் உரிய பயன்.