குருதிப் புற்றும் வருவது உரைத்தலும்

நாடி பார்த்த வைத்தியர் கையை எடுத்தவுடன் வீட்டார் கேட்கும் முதற் கேள்வி, நோயின் பெயர் யாது என்பதன்று; பிழைப்பாரா என்பதே. நம் நாட்டுப் பழைய வைத்தியம் நோய்களைச் சாத்தியம், அசாத்தியம் என வகுத்து வைத்ததும் இக்கேள்விக்கு விடை கூறும் பொருட்டே. குருதிப் புற்றுநோய்களுள் மிக விரைந்து கொல்லும் இயல்புடைய ஒன்றைக் குறித்து மருத்துவ உலகம் இதே கேள்விக்கு எவ்வாறு விடை தேடிற்று, அவ்விடை எத்தனை முறை மாறிற்று என்பதை இன்று நாம் காண்போம். 'அக்யூட் மயலாய்டு லுக்கீமியா' என அந்நோயை வழங்குவர். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளணுக்களில் ஓரினம், முதிர்ச்சி அடையாமலே பெருகி, நல்ல அணுக்கள் தோன்ற இடமின்றிச் செய்துவிடுவதே அதன் இயல்பு. சோகையும் காய்ச்சலும் இரத்தக் கசிவும் அதனால் விளைவன.

1845ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் ஜான் ஹியூஸ் பென்னட் என்பாரும், பெர்லின் நகரில் ருடால்ஃப் விர்ச்சோ என்பாரும், இறந்தோர் உடலை அறுத்து ஆராய்ந்தபோது இரத்தத்தில் வெள்ளணுக்கள் அளவிறந்து மலிந்திருக்கக் கண்டனர். பென்னட் அதனைச் சீழ் என்று கருதினார். விர்ச்சோ அவ்வாறு கருதவில்லை. 1847இல் 'வெண்குருதி' என்னும் பொருள்படும் லுக்கீமியா என்ற பெயரை அவரே வழங்கினார். பிணத்தைப் பார்த்துப் பெயரிட்ட நோய்க்கு வருவது உரைக்க வேண்டிய தேவை ஏது? 1889இல் வில்ஹெல்ம் எப்ஸ்டைன் என்னும் ஜெர்மானிய மருத்துவர், ஆண்டுக் கணக்கில் நீடிக்கும் வகையினின்றும் வாரக் கணக்கில் கொல்லும் வகையைப் பிரித்துக் காட்டினார். அப்பிரிவினையே முதல் முன்கணிப்பு என்று சொல்லலாம். ஆயினும் அது துன்பச் செய்தி ஒன்றை மட்டுமே சொல்லிற்று.

மருந்தின் கதையில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1923இல் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் நடத்திய ஆராய்ச்சிக் குழுவினரிடமிருந்தே அமினாப்டெரின் என்னும் மருந்து கிடைத்தது. அதனைப் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாக அடங்கியதை 1948இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே சுப்பாராவ் காலமானார். அம்மருந்தின் நன்மை பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும் வேறொரு வகைக்கே உரியதாயிற்று. நாம் பேசும் நோய் அதற்கு எளிதில் அடங்கவில்லை. சைட்டரபின் என்னும் மருந்தை ஏழு நாளும், டானோரூபிசின் என்னும் மருந்தை மூன்று நாளும் செலுத்தும் முறை 1973இல் வந்த பின்னரே இதற்கு ஓர் உறுதியான சிகிச்சை உண்டாயிற்று. அதுமுதல் ஒரு புதிர் எழுந்தது. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே வயது. ஒருவர் பிழைக்கிறார், அடுத்த கட்டிலில் இருப்பவர் மடிகிறார். காரணம் என்ன?

விடையின் நுனி அதே 1973இல் சிகாகோவில் கிட்டியது. ஜேனட் ரௌலி என்னும் பெண்மணி நான்கு ஆண்மக்களுக்குத் தாய்; பகுதி நேரமாகவே ஆராய்ச்சிப் பணி செய்து வந்தவர். உயிரணுவின் கருவில் உள்ள குரோமோசோம்களின் புகைப்படங்களைக் கத்தரித்து, வீட்டில் உணவு மேசையின் மீது பரப்பி, இணை இணையாக வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வராம். அந்த மேசையில்தான், எட்டாவது குரோமோசோமின் துண்டொன்றும் இருபத்தொன்றாவதன் துண்டொன்றும் தம்முள் இடம் மாறிக் கொண்டிருப்பதை அவர் கண்டார். பின்னர், 1977இல், பதினைந்துக்கும் பதினேழுக்கும் இடையே நிகழும் மாற்றத்தையும் அவரே எடுத்துக் காட்டினார்.

இம்மாற்றங்களைக் கொண்டு வருவது உரைக்கலாம் என்பது பெருங்கணக்கால் நிலைபெற்றது. 1998இல் பிரிட்டனில் 1,612 நோயாளிகளின் வரலாற்றை ஆராய்ந்து, அவர்களை மூன்று பிரிவாக்கினர். நல்ல குரோமோசோம் மாற்றம் உடையோரில் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிருடன் இருந்தோர் நூற்றுக்குச் சுமார் 65 பேர், இடைப்பட்டோரில் 41, தீய மாற்றம் உடையோரில் 14. இது வெறும் கணக்கன்று. தீய பிரிவினர்க்கு உடன்பிறந்தாரின் மஜ்ஜையை மாற்றி வைப்பது நலம். நல்ல பிரிவினர்க்கு அது வேண்டுவதில்லை. மாற்று மஜ்ஜையே உயிரைப் பறிப்பதும் உண்டாதலால், யாருக்கு வேண்டாம் என்று அறிவதும் யாருக்கு வேண்டும் என்று அறிவதைப் போன்றே முக்கியம். நம் நாட்டில் அச்சிகிச்சை முதன்முதல் 1983இல் பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையில் நடைபெற்றது.

கணிப்பு முற்றிலும் தலைகீழான கதை ஒன்றுண்டு. அதைச் சற்று விரித்துரைப்போம். 1957இல் நார்வே நாட்டு மருத்துவர் லீஃப் ஹில்லஸ்டட், இந்நோயின் ஒரு கிளையைத் தனியே விவரித்தார். சில வாரங்களிலேயே இரத்தம் கசிந்து மரணம். குருதிப் புற்றுகளுள் இதுவே மிகக் கொடியது என்பது அவர் முடிபு. ரௌலி கண்ட பதினைந்து–பதினேழு மாற்றம் இக்கிளைக்கே உரியது. 1988இல் ஷாங்காய் மருத்துவர்கள், வைட்டமின் 'ஏ'யின் உறவான ஓர் அமிலத்தை மாத்திரையாகக் கொடுத்து, 24 நோயாளிகளிடம் நோய் அடங்கியதை வெளியிட்டனர். அந்த அணுக்களை அது கொல்லவில்லை. முதிர்ச்சி அடையச் செய்தது! ஹார்பின் நகரத்தார் பாஷாணத்தையே மருந்தாக்கினர். நம் சித்த வைத்தியர்க்குப் பாஷாணம் புதிதன்று. ஆனால் இவ்வளவு கறாரான கணக்குடன் அது சோதிக்கப்பட்டது இப்போதுதான். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1998 முதல் 2004 வரை 72 நோயாளிகளுக்கு அப்பாஷாண மருந்தை முதன்மையாகக் கொண்டே சிகிச்சை செய்து, நூற்றுக்கு 86 பேரிடம் நோய் அடங்கியதாக 2006இல் அறிவித்தனர். கொடியவற்றுள் கொடியது என்றிருந்த கிளை இன்று மிக நல்ல பிரிவில் உள்ளது. ஹில்லஸ்டட் பிழையாகக் கூறவில்லை. மருந்து இல்லாத காலத்து உண்மையை அவர் கூறினார்.

குரோமோசோமில் குறை எதுவும் தென்படாதவர் பலர். அவர்கள் நிலையை அறிய ஜீன்கள் வரை செல்ல வேண்டியதாயிற்று. 1996இல் ஜப்பானியர் கண்ட எஃப்.எல்.டி. 3 மாற்றம் தீய அறிகுறி எனப்பட்டது. 2005இல் இத்தாலியர் கண்ட என்.பி.எம். 1 மாற்றம் தனித்து நின்றால் நற்குறி எனப்பட்டது. ஐரோப்பிய வல்லுநர் குழு 2010இல் இவற்றை ஒரு பட்டியலாக்கி, 2017இலும் 2022இலும் திருத்தியது. முந்தியதைத் தாக்கும் மருந்துகள் வந்தமையும், சிகிச்சைக்குப் பின் மிஞ்சியிருக்கும் நோயணுக்களை அளந்தறிய முடிந்தமையும் பட்டியல் மாறியதன் காரணங்களுள் சில. முதல் நாளில் சொன்ன கணிப்பை இரண்டாம் திங்களில் திருத்திச் சொல்லும் வழக்கம் இப்போது வந்துவிட்டது.

இப்பட்டியல்கள் பெரும்பாலும், சிகிச்சையை முழுமையாகப் பெற்ற பிற நாட்டாரின் கணக்கில் எழுந்தவை. 2015இல் வேலூரிலிருந்து வெளிவந்த ஓராண்டுக் கணக்கு வேறொன்றைக் காட்டிற்று. மேல்நாடுகளில் இந்நோயாளரில் பெரும்பாலோர் முதியோர். வேலூரை நாடி வந்தோரின் நடுவயது சுமார் நாற்பது. குடும்பம் தாங்கும் வயது அது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே முதற்கட்டத் தீவிர சிகிச்சையைத் தொடங்க முடிந்தது. ஏனையோரில் பெரும்பாலோரைத் தடுத்தது பணமே. சிகிச்சை பெற்றோரிலும் மருந்துக்கு அடங்காத கிருமித் தொற்றால் இறந்தோர் பலர். எந்தக் குரோமோசோம் பட்டியலிலும் இவ்விரண்டிற்கும் இடமில்லை. வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வேலூருக்கு இரயிலேறும் குடும்பங்கள் இன்றும் பல. அவர்கள் மருத்துவரிடம் கேட்கும் முதற் கேள்வி பிழைப்பாரா என்பது. இரண்டாவது, எவ்வளவு ஆகும் என்பது.