பீரோவின் சாவி யாரிடம்?

“யார் படுத்த கட்டிலோ, யார் செத்த கட்டிலோ. வேணாம்டி” என்றார் அம்மா, போனில்.

2022 ஜூனில் குரோம்பேட்டையில் 420 சதுர அடியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வீட்டு உரிமையாளர் “யார் யார் தங்குவீங்க?” என்று மூன்று தடவை கேட்டார். “நான் மட்டும்தான்” என்று மூன்று தடவையும் சொன்னேன். நான்கு வருடம் பெண்கள் விடுதியில் இருந்துவிட்டு வந்தவளிடம் இரண்டு பெட்டியும் ஐந்து அட்டைப்பெட்டிப் புத்தகங்களும் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் இருந்தன. உட்கார ஒரு முக்காலிகூட இல்லை. முன்பணம் கொடுத்த பிறகு கையில் மிஞ்சியது பதினெட்டாயிரம் ரூபாய். அதற்குள் வீட்டை நிரப்ப வேண்டும் என்றால் பழைய சாமான்தான் வழி.

தவணையில் புதிதாக வாங்கியிருக்கலாம். ஆனால் ஒருமுறை எனக்கு எல்லாமே புதிதாக வந்திருக்கின்றன. 2011இல் கல்யாணம் ஆனபோது தேக்குக் கட்டில், இரண்டு கதவு பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள், சோபா, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் ஒரு லாரியில் போயின. ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதிய அப்பா, அந்தக் கடனை ஐந்து வருடம் அடைத்தார். சோபாவின் மேலிருந்த பாலிதீன் உறையைக் கிழிக்கக்கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். ஏழு வருடம் பாலிதீன் மேல்தான் உட்கார்ந்தேன்.

2018இல் இரண்டு பைகளோடு ஆட்டோவில் ஏறி வந்துவிட்டேன். பிறகு சாமான்களைக் கேட்டு ஆள் அனுப்பினோம். “பில் இருந்தா எடுத்துட்டு வாங்க” என்று பதில் வந்தது. அப்பா தேடி எடுத்தார். பில் மாப்பிள்ளை பெயரில் இருந்தது. சாமானை எந்த வீட்டில் இறக்க வேண்டுமோ அந்த வீட்டு ஆண் பெயரில் கடைக்காரர் எழுதியிருந்தார். பணம் கட்டியவர் அப்பா, புழங்க வேண்டியவள் நான், காகிதத்தில் மூன்றாவது ஆள்.

சட்டம் என் பக்கம்தான் இருந்தது என்பதைத் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். 1961இன் வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, வரதட்சணையை வேறு யார் வாங்கியிருந்தாலும் அதை மூன்று மாதத்துக்குள் அந்தப் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. முதலில் ஒரு வருடம் என்று இருந்த கெடு பின்னர் குறைக்கப்பட்டது. 1985 மார்ச் 12 அன்று பிரதிபா ராணி எதிர் சூரஜ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சீதனம் முழுக்க முழுக்க மனைவியின் சொத்து என்றது. புகுந்த வீட்டு வாசலைத் தாண்டியதும் அது கூட்டுச் சொத்தாகிவிடும் என்ற வாதத்தை ஏற்கவில்லை. திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்றும் சொன்னது.

அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. திருமணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கப்படும் பரிசுகளுக்கு ஒரு பட்டியல் வைக்க வேண்டும். பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை எல்லாம் அதில் இருக்க வேண்டும். மணமகளும் மணமகனும் கையெழுத்திட வேண்டும். பெண்ணுக்கு வந்தவற்றின் பட்டியல் பெண்ணிடமே இருக்க வேண்டும்.

நான் போன எந்தக் கல்யாணத்திலும் இந்தப் பட்டியலைப் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எழுதும் பழக்கம் நமக்கு இல்லை என்று சொல்ல முடியாது. மண்டப வாசலிலேயே ஒரு மேசை போட்டு, மஞ்சள் தடவிய நோட்டில் ‘மேலத்தெரு கோவிந்தன் 101’ என்று மொய் எழுதுகிறோம். முப்பது வருடம் கழித்தும் அந்த நோட்டைப் புரட்டி, வாங்கியதைத் திருப்பிச் செய்கிறோம். குடும்பங்களுக்கு நடுவே ஓடும் கடனுக்குக் கணக்கு உண்டு. பெண்ணோடு போகும் கட்டிலுக்கு இல்லை.

ஏன் இல்லை என்று யோசித்தபோது, பத்திரங்களில் வரும் இரண்டு சொற்கள்தான் நினைவுக்கு வந்தன: அசையும் சொத்து, அசையாச் சொத்து. மகன் ஊரில் இருப்பவன், அவனுக்கு நிலம். மகள் இடம் மாறுகிறவள், அவளுக்கு இடம் மாறும் பொருள்கள். சீர்வரிசை லாரியை இப்படிப் பார்த்தால், அது நிலத்தில் பங்கு கேட்காமல் இருப்பதற்காகக் கொடுக்கப்பட்ட விலை.

இதற்கு மாற்றாக ஒரு குரல் வெகுகாலம் முன்பே எழுந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, சொத்தில் ஆண்களுக்குச் சமமான உரிமை பெண்களுக்கு வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சமபங்கு தந்தது. ஆனால் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே வரும் உரிமையை ஆண்களுக்கே விட்டுவைத்தது. அந்த உரிமையைத் தமிழ்நாடு 1989இல்தான் மகள்களுக்குக் கொடுத்தது. செங்கல்பட்டிலிருந்து அங்கே வந்து சேர 60 ஆண்டுகள்.

அதிலும் ஒரு கோடு கிழித்தார்கள். 1989 மார்ச் 25க்கு முன் திருமணம் ஆகிவிட்ட மகள்களுக்கு அந்த உரிமை கிடையாது. சீர் வாங்கிக்கொண்டு போனவள் போனவள்தான். அந்தக் கோட்டை அழிக்க 2005இன் மத்திய அரசுத் திருத்தம் வரவேண்டியிருந்தது.

என் அம்மாவுக்குக் கல்யாணம் 1985 ஆவணியில். பட்டியல் விதி வருவதற்குச் சில வாரங்கள் முன்பு. தாத்தா 1998இல் இறந்ததும் மாமாக்கள் அம்மாவைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். “கட்டிலும் பீரோவும் அப்பவே கொடுத்தாச்சேம்மா” என்றார் பெரிய மாமா. ஒரு பட்டுப்புடவை கிடைத்தது. அம்மா அந்தப் புடவையைத்தான் என் கல்யாணத்துக்குக் கட்டினார்.

அம்மாவுக்குக் கொடுத்தது சாம்பல் பச்சை நிற இரும்பு பீரோ. வீட்டில் அதை ‘கோத்ரெஜ் பீரோ’ என்போம். செய்தது ஆரணியில் ஒரு வெல்டிங் பட்டறை. 1923இல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கிய நிறுவனத்தின் பெயர், எல்லா இரும்பு பீரோக்களுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. பீரோ அம்மாவுடையது. சாவி 11 வருடம் என் அப்பாயியின் இடுப்பில் இருந்தது. தன் புடவையை எடுக்க அம்மா மாமியாரிடம் சாவி கேட்பதைப் பார்த்து வளர்ந்தேன். அப்பாயி கெட்டவர் இல்லை. அவர் கொண்டுவந்த மரப்பெட்டியின் சாவியும் ஒருகாலத்தில் வேறொரு இடுப்பில்தான் இருந்திருக்கும்.

இந்தச் சொற்களுக்கும் ஒரு கதை உண்டு. சாவி, மேசை, அலமாரி, ஏலம் எல்லாம் போர்ச்சுகீசியர் வழியாக வந்தவை. பீரோ பிரெஞ்சுச் சொல். அங்கே அதற்கு எழுதும் மேசை என்று பொருள். எழுதுவதற்கான பலகை நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நகையைப் பூட்டிவைக்கும் பெட்டி ஆகிவிட்டது.

பழைய சாமான் வாங்குவது சென்னைக்குப் புதிதல்ல. 1900இல் திறந்த மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமும் கிராமபோன் தட்டும் வாங்க ஊரே கூடியது. 1985 மே 30 அன்று அது எரிந்துபோனது. வியாபாரிகளுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் இடம் தரப்பட்டது. மார்க்கெட் நின்ற இடத்தில்தான் இப்போது சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது.

எனக்குப் பக்கம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. ஒருகாலத்தில் மாட்டுச் சந்தை. இப்போது பூச்செடியிலிருந்து கம்ப்யூட்டர் மானிட்டர் வரை சாலையோரம் பரப்பியிருப்பார்கள். நான்கு வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுப் போனேன். கட்டிலின் மூலைகளை அசைத்துப் பார்க்க வேண்டும். பிளவுகளில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிளைவுட் உப்பியிருந்தால் தொடவே கூடாது. பீரோவின் அடித்தகட்டை விரலால் தட்டினால் துரு சொல்லிவிடும். இதெல்லாம் அங்கே வந்த பெண்களிடமே கற்றுக்கொண்டேன்.

பீரோக்கள் வரிசையாக நின்றன. ஏறக்குறைய எல்லாக் கண்ணாடிகளிலும் ஸ்டிக்கர் பொட்டுகள். இரவில் நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டியவை, காலையில் மறந்தவை. “இவ்வளவு பீரோ எங்கிருந்துண்ணே வருது?” என்று கேட்டேன். “முகூர்த்த மாசம் முடிஞ்சா வரும்க்கா. மருமக புது பீரோ கொண்டாருவா. வீட்ல எடம் ஏது? மாமியாரோடத வித்துருவாங்க.” அவர் சாதாரணமாகச் சொன்னார். ஒரு பெண்ணின் சீர் உள்ளே வர, இன்னொரு பெண்ணின் சீர் வெளியே போகிறது. விற்ற காசு யார் கைக்குப் போகும் என்று நான் கேட்கவில்லை.

‘செகண்ட் ஹேண்ட்’ என்ற சொல் என்னைப் பற்றியே சொல்லப்பட்டதுண்டு. விவாகரத்துக்குப் பிறகு ஒரு உறவினர் எனக்கு வரன் பார்த்தார். “செகண்ட் ஹேண்ட்தானே, ரொம்பப் பார்க்க முடியாது” என்று அவர் அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. ‘யார் படுத்த கட்டிலோ’ என்ற அருவருப்பும் அந்தச் சொல்லும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. வேறொருவர் புழங்கிய பொருள் தீட்டு, வேறொருவரோடு வாழ்ந்த பெண் தீட்டு. மனைவியை இழந்த ஆணுக்கு இந்தச் சொல்லை யாரும் போடுவதில்லை.

நான் முதலில் வாங்கியது நாற்காலி. 350 ரூபாய், கை வைத்த மர நாற்காலி. தாத்தா வீட்டில் ஒரே ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. அவர் இல்லாத நேரத்திலும் அதில் யாரும் உட்கார மாட்டார்கள். பாட்டிக்கு அடுப்படி வாசற்படி. நாற்காலி என்பது வெறும் மரம் இல்லை என்பதை நாடு அறிய ஒரு புகைப்படம் வேண்டியிருந்தது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரான தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். சட்டம் அவருக்குப் பதவியைக் கொடுத்திருந்தது. நாற்காலியைச் சாதி பிடித்துவைத்திருந்தது. எனக்கு மறுக்கப்பட்டதும் அவருக்கு மறுக்கப்பட்டதும் ஒன்றல்ல. என் பாட்டி தரையில் உட்கார்ந்தது வீட்டுக்குள். தெருவில் அவருக்கு இருந்த மரியாதை அந்தத் தலைவருக்குத் தரப்படவில்லை.

நான்காவது வெள்ளிக்கிழமை கட்டில் 3,000, பீரோ 4,500, எழுத ஒரு மேசை 1,200 என்று பேசி முடித்தேன். ஒரு குட்டியானை வண்டி பிடித்துத் தந்த வியாபாரியிடம் துண்டுச்சீட்டிலாவது பில் வேண்டும் என்றேன். “பழைய சாமானுக்கு என்னத்துக்குக்கா பில்லு?” என்றபடி பேனாவை எடுத்தார்.

“சார் பேரு?”

என் பெயரைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். என் பெயரில் எழுதப்பட்ட முதல் மரச்சாமான் பில் அது.

ஆடி மாதம் அம்மா வந்தார். கட்டிலை மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பிறகு அதிலேயே மதியம் தூங்கினார். பீரோ கண்ணாடியில் இரண்டு பொட்டுகள் இருந்ததைச் சுரண்டப் போனவரைத் தடுத்தேன். “இருக்கட்டும்மா.”

சாயங்காலம் ஒரு நோட்டில் என் சாமான்களை எழுதினேன். பொருள், விலை, தேதி. கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர். கீழே கையெழுத்து. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னோடதையும் எழுதறியா?” என்றார்.

மரக்கட்டில் ஒன்று. இரும்பு பீரோ ஒன்று. பித்தளை அண்டா, குத்துவிளக்கு ஒரு ஜோடி, எவர்சில்வர் குடம் இரண்டு. 37 வருடம் கழித்தும் ஒரு கரண்டிகூட விடாமல் சொன்னார். இடையில் நிறுத்தி, “கட்டிலை எழுதாத. அதை உங்க சித்தப்பா கல்யாணத்துக்குக் கொடுத்துட்டாங்க” என்றார்.

“உன்னைக் கேட்டுட்டுக் கொடுத்தாங்களா?”

அம்மா பதில் சொல்லவில்லை.

“அப்போ எழுதணும்மா” என்றேன். எழுதி முடித்ததும் நோட்டைத் திருப்பி, கையெழுத்துப் போடச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, அந்த 350 ரூபாய் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா நிதானமாகத் தன் பெயரை எழுதினார்.

உங்கள் வீட்டிலும் ஒரு மொய் நோட்டு இருக்கும். கடைசிப் பக்கங்கள் காலியாகத்தான் இருக்கும். அம்மாக்களுக்கு நினைவு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.