அமிர்தசரஸ் கூடாரங்கள்

மனம் நோயுற்றால் அதை மூடி மறைக்க வேண்டும் என்ற எண்ணம் நம் குடும்பங்களில் இத்துணை ஆழமாக வேரூன்றியது எவ்வாறு என்று ஆராய்வோமாயின், அறியாமை ஒன்றையே காரணமாகச் சொல்லிவிட இயலாது. சட்டமும் மதிற்சுவரும் அதில் பங்குகொண்டிருக்கின்றன.

1912ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய லூனஸி சட்டத்தின்படி, நோயாளி ஒருவரை மருத்துவமனையில் சேர்ப்பதற்குப் பொதுவாக மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவைப்பட்டது. தாமே விரும்பிச் சிகிச்சை நாடி வருவோருக்கும் அச்சட்டம் ஒரு வழி விட்டிருந்தது என்பது உண்மைதான். ஆயினும், அதற்கு மருத்துவமனைப் பார்வையாளர் குழுவினர் இருவர் இசைவளிக்க வேண்டும். காய்ச்சலுக்கு மருந்து கேட்டுச் செல்பவன் கச்சேரியை நினைப்பதில்லை. மனம் கலங்கியவனின் வீட்டாரோ நினைக்க வேண்டியிருந்தது. 1920களில் ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்ற பெயரை அரசாங்கம் ‘மனநோய் மருத்துவமனை’ என மாற்றிற்று. மக்கள் நாவில் பழைய பெயரே நின்றது, சுவரும் தாழவில்லை. 1946இல் போர் குழு தன் அறிக்கையை அளித்தபோது, சுமார் 40,000 மக்களுக்கு ஒரு படுக்கை என்ற அளவிலேயே நாட்டில் மனநோய்ச் சிகிச்சைக்கு இடம் இருந்தது.

இந்நிலையில்தான் பஞ்சாபில் ஒரு புதுமை நிகழ்ந்தது. பிரிவினைக்குப் பின், 1950இல், லாகூர் மனநோய் மருத்துவமனையிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் பல நூறு பேர் எல்லை கடந்து அமிர்தசரஸுக்கு அனுப்பப்பட்டனர். நாட்டைப் பங்கிட்டவர்கள் சித்தம் கலங்கியவர்களையும் பங்கிட்டார்கள்! பின்னர் அங்கே மருத்துவமனைத் தலைவராக வந்த டாக்டர் வித்யா சாகர், நெருக்கடி மிகுந்த அந்த இடத்தில் எவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். நோயாளியை விட்டுவிட்டு ஊர் திரும்புவதே வழக்கமாயிருந்த உறவினரை, உடன் தங்குமாறு அழைத்தார். தங்க வைக்க அறைகள் இல்லை. ஆகவே மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அடிக்கச் செய்தார்.

தாயோ மனைவியோ அண்ணனோ நோயாளியுடன் கூடாரத்தில் தங்கினர், பணிவிடையில் கலந்துகொண்டனர். வித்யா சாகர் அவர்களைக் கூட்டமாக அமர்த்தி, இந்நோய் எத்தன்மையது, வீடு திரும்பியபின் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்றெல்லாம் விளக்குவார். நோய் தணிந்து திரும்புவோரைக் கண்ணாரக் கண்டவர்களுக்கு, பேய், சாபம் என்ற அச்சம் குறைவது இயல்பே. இதில் நாம் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. தன் வீட்டுக்கு மட்டுமே நேர்ந்த இழுக்கு என்று எண்ணி வந்தவர், அடுத்த கூடாரத்திலும் அதே துயரத்தைப் பார்த்தார். உதவி கேட்கும் துணிவு தனி மனிதருக்குள் தானாக முளைப்பதைவிட, இப்படிப் பலர் நடுவில்தான் எளிதில் பிறக்கிறது என்றே தோன்றுகிறது. 1957இல் தொடங்கிய வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினர் உடன் தங்குவதைச் சிகிச்சையின் ஓர் அங்கமாகவே கொண்டது.

இவ்வழி நாடெங்கும் பரவிவிட்டது என்று எண்ணிவிடலாகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது 28 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓடவும் முடியவில்லை.

1912ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிய 1987ஆம் ஆண்டுச் சட்டம் 1993இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் பின்வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடைசெய்கிறது. நோயாளியைப் பற்றிய செய்திகளை மறைவாகக் காக்கும் கடமையை விதிக்கிறது. தாமே விரும்பி வருவோர் சிகிச்சைக்குச் சேர்வதையே பொதுவழியாகக் கொள்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம். மகனைப் பற்றித் தாயும், கணவனைப் பற்றி மனைவியும் அங்கே கேட்கலாம்.